உலோக இடப்பெயர்ச்சி வினைகளும் வினைத்திறன் வரிசையும்: சோதனையிலிருந்து கற்கும் முழுமையான வழிகாட்டி

உப்புத்தாளால் நன்கு தேய்த்துத் துடைத்த ஓர் இரும்பு ஆணியை நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் பாதி மூழ்கும்படி தொங்கவிட்டு, அரை நிமிடம் கழித்து வெளியே எடுத்துப் பாருங்கள். கரைசலுக்கு மேலே இருந்த பாதி எஃகின் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். மூழ்கியிருந்த பாதியின் மேல் செம்பழுப்பு நிறப் பூச்சு படர்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே, கரைசலின் மட்டம் எங்கே இருந்ததோ அங்கே, அளவுகோல் வைத்து இழுத்தது போன்ற ஒரு கோடு தெரியும். விரலால் தேய்த்தால் அந்தப் பூச்சு தூளாக உதிர்ந்து வரும். அந்தத் தூள் தாமிரம். சற்று முன்பு வரை நீல நிறக் கரைசலில் அயனியாகக் கரைந்திருந்த அதே தாமிரம்தான் இப்போது உலோகமாக ஆணியின் மேல் ஒட்டியிருக்கிறது.

இந்த ஒரு நிகழ்வைச் சரியாகப் புரிந்துகொண்டவர், உலோகங்களை வினைபுரியும் திறனுக்கேற்ப அடுக்கும் வினைத்திறன் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படைக் கருத்து. பொட்டாசியத்தில் தொடங்கித் தங்கத்தில் முடியும் பட்டியலை வாய்ப்பாடு போல் ஒப்பிக்கத் தெரிந்தும், அலுமினியத் தகட்டைக் காப்பர் சல்பேட்டில் போட்டால் ஏன் ஒன்றும் நடப்பதில்லை என்று கேட்டால் தடுமாறும் மாணவர்கள் பலர் உண்டு. குறை அவர்களிடம் இல்லை. முடிவை முதலிலும் சோதனையைக் கடைசியிலும் வைக்கும் பாடமுறையில் இருக்கிறது. இங்கே அந்த வரிசை தலைகீழாகிறது.

படி 1: முதல் சோதனையைப் பிழையின்றிச் செய்தல்

காப்பர் சல்பேட் படிகம், அதாவது மயில்துத்தம், 2.5 கிராம் எடுத்து வாலை வடிநீரில் கரைத்து, மொத்தக் கன அளவை 100 மில்லிலிட்டர் ஆக்கினால், லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள கரைசல் கிடைக்கும். இதை இரண்டு சோதனைக்குழாய்களில் சம அளவு ஊற்றி, ஒன்றில் மட்டும் ஆணியை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். மற்றொன்று ஒப்பீட்டுக்கானது. கரைசலின் நீலம் மிக மெதுவாகவே வெளிறும் என்பதால், பக்கத்தில் மாறாத நீலம் ஒன்று இல்லாவிட்டால் நிற மாற்றத்தைக் கண் ஏற்றுக்கொள்ளாது. பூச்சு நொடிகளில் வந்துவிடும். நீலம் வெளிறி, இரும்பு கரைந்து உண்டாகும் பெர்ரஸ் சல்பேட்டின் இளம்பச்சை தலைகாட்டுவதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். கரைசலை நீண்ட நேரம் காற்றில் திறந்து வைத்தால் அந்தப் பச்சையும் மஞ்சள் கலந்த பழுப்பாக மாறிவிடும். அது இடப்பெயர்ச்சியின் விளைவன்று, பெர்ரஸ் அயனி காற்றிலுள்ள ஆக்சிஜனால் பெர்ரிக் அயனியாவதன் விளைவு.

ஆணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். துத்தநாக முலாம் பூசிய ஆணியாக இருந்தால், வினை புரிவது இரும்பன்று, மேலே இருக்கும் துத்தநாகம். அப்போது செம்பழுப்புக்குப் பதிலாகக் கருநிறப் படிவு உண்டாகும். துருப்பிடிக்காத எஃகு ஆணியின் மேல் குரோமியம் ஆக்சைடுப் படலம் இருப்பதால் வினை நடப்பதே தெரியாமல் போகலாம். முலாம் இல்லாத, எண்ணெய்ப் பசை நீக்கிய, தேய்த்துப் பளபளப்பாக்கிய சாதாரண இரும்பாணிதான் வேண்டும்.

பாதுகாப்பு குறித்து இரண்டு சொற்கள். கண்ணாடி அணியாமல் எந்தக் கரைசலையும் கையாளக் கூடாது. காப்பர் சல்பேட் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதால், மீந்த கரைசலைக் கழிவுநீர்த் தொட்டியில் கொட்டாமல் தனிக் கலனில் சேர்த்து வைக்க வேண்டும்.

படி 2: எலக்ட்ரான்களின் கணக்கைப் போடுதல்

நடந்த வினையைச் சொற்களால் எழுதினால் இப்படி வரும்:

இரும்பு + காப்பர் சல்பேட் → பெர்ரஸ் சல்பேட் + தாமிரம்

ஒரு சேர்மத்திலிருந்த உலோகத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் இன்னோர் உலோகம் அமர்வதால் இதற்கு இடப்பெயர்ச்சி வினை என்று பெயர். பெயர் பொருத்தமானதுதான் என்றாலும், ஒன்றையொன்று தள்ளிவிடும் மல்யுத்தம் போன்ற ஒரு படத்தை அது மனத்தில் பதித்துவிடுகிறது. உண்மையில் நடப்பது கொடுக்கல் வாங்கல். இரும்பு அணு ஒன்று 2 எலக்ட்ரான்களை இழந்து, இரட்டை நேர்மின்சுமை கொண்ட அயனியாகிக் கரைசலுக்குள் இறங்குகிறது, இது ஆக்சிஜனேற்றம். கரைசலில் இருந்த காப்பர் அயனி ஒன்று அந்த 2 எலக்ட்ரான்களைப் பெற்று உலோகத் தாமிரமாகிறது, இது ஒடுக்கம். சல்பேட் அயனி தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே கடைசியிலும் கரைசலில் இருக்கிறது. அது வெறும் பார்வையாளர்.

பூச்சு ஏன் ஆணியின் மேலேயே படிகிறது, ஏன் கரைசலின் நடுவில் தூளாகத் தோன்றி அடியில் விழுவதில்லை என்ற கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. எலக்ட்ரான்கள் நீரில் நீந்திச் செல்வதில்லை; உலோகத்தின் வழியாகவே நகர்கின்றன. எனவே அவற்றைப் பெற விரும்பும் காப்பர் அயனி, ஆணியின் பரப்புக்கு வந்துதான் தீர வேண்டும். தாமிரமும் மின்கடத்தி என்பதால், ஏற்கெனவே படிந்த தாமிரத்தின் மேலும் புதிய தாமிரம் படிய முடிகிறது.

எலக்ட்ரான் தரும் உலோகத்தையும் பெறும் அயனியையும் தனித்தனிப் பாத்திரங்களில் பிரித்து வைத்து, கரைசல்களுக்கு இடையே அயனிகள் நகர ஓர் உப்புப் பாலமும், உலோகங்களுக்கு இடையே ஒரு கம்பியும் இணைத்தால், எலக்ட்ரான்கள் அந்தக் கம்பி வழியே போக வேண்டிவரும், அதுவே மின்னோட்டம். ஜான் பிரடெரிக் டேனியல் 1836இல் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கொண்டு அமைத்த மின்கலம் இந்த அடிப்படையில் இயங்கி ஏறத்தாழ 1.10 வோல்ட் தந்தது. துத்தநாகத் தகட்டைக் காப்பர் சல்பேட்டில் நேரடியாக முக்கும்போது வெப்பமாக வீணாகும் அதே ஆற்றல்தான் அங்கே மின்சாரமாக வெளிப்படுகிறது.

படி 3: வரிசையை நாமே கட்டுதல்

மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு, தாமிரம் ஆகிய 4 உலோகங்களின் சிறு துண்டுகளையும், அந்த நான்கின் சல்பேட் கரைசல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உலோகத்தையும் தன்னுடைய கரைசலைத் தவிர்த்த மற்ற மூன்றிலும் போட வேண்டும். மொத்தம் 12 சோதனைகள். ஒரு தாளில் கட்டம் வரைந்து, உலோகங்களை இடப்பக்கமும் கரைசல்களை மேற்பக்கமும் எழுதி, வினை நடந்த கட்டத்தில் மட்டும் குறியிட்டு வந்தால், மெக்னீசியத்துக்கு மூன்று, துத்தநாகத்துக்கு இரண்டு, இரும்புக்கு ஒன்று, தாமிரத்துக்கு ஒன்றுமில்லை என்று வரும். குறிகளின் எண்ணிக்கையே வரிசையைச் சொல்லிவிடுகிறது.

12 சோதனைகளில் சரியாக 6 மட்டுமே நடந்திருப்பதைக் கவனியுங்கள். இது தற்செயல் அன்று. மெக்னீசியம் துத்தநாகத்தை இடப்பெயர்த்தால் துத்தநாகத்தால் மெக்னீசியத்தை இடப்பெயர்க்க முடியாது. ஒவ்வோர் இணையிலும் ஒரு திசை மட்டுமே திறந்திருக்கும். உங்கள் கட்டத்தில் ஏழாவது குறி ஒன்று விழுந்திருந்தால் எங்கோ கண் ஏமாந்திருக்கிறது என்று பொருள்.

கண் ஏமாறக்கூடிய இடங்களும் இங்கே உண்டு. மெக்னீசியத் துண்டைச் சுற்றிக் குமிழிகள் எழுவதைப் பார்த்ததும் இடப்பெயர்ச்சி நடந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. காப்பர் சல்பேட், ஜிங்க் சல்பேட் போன்ற கரைசல்கள் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டவை. குமிழிகள் அந்த அமிலத்திலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன். பார்க்க வேண்டியது உலோகத்தின் மேல் புதிய படிவு உண்டாகிறதா என்பதையே. அதேபோல், துத்தநாகத்தைப் பெர்ரஸ் சல்பேட்டில் போட்டால் வினை மிக மந்தமாக நடக்கும். மங்கலான கருமை ஒன்று படிவதைக் காணப் பொறுமை வேண்டும். பெர்ரஸ் சல்பேட் கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரிப்பதும் அவசியம்.

இந்த ஆறில் பார்ப்பதற்கு அழகான வினை எதுவும் இல்லை. அழகு வேண்டுமென்றால் தாமிரக் கம்பி ஒன்றைச் சுருளாக்கிச் சில்வர் நைட்ரேட் கரைசலில் தொங்கவிட்டு, அசைக்காமல் வைத்துவிட வேண்டும். முதலில் கம்பி கறுக்கும். பிறகு அந்தக் கருமையிலிருந்து ஊசி போன்ற சாம்பல் நிற இழைகள் நீளும்; இழைகளிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து இலைகள் என்று வெள்ளிப் படிகங்கள் வளர்ந்து, ஒரு மணி நேரத்தில் சிறு மரம் ஒன்று முளைத்தது போல் இருக்கும். நிறமற்றிருந்த கரைசல் அடியிலிருந்து மெல்ல நீலமாகும், ஏனெனில் இப்போது கரைந்து செல்வது தாமிரம். ஆணிச் சோதனையில் தோற்ற தாமிரம் இங்கே வெல்கிறது. வினைத்திறன் என்பது ஓர் உலோகத்தின் தனிப்பட்ட குணமாக நிற்பதில்லை, எதிரே இருப்பது யார் என்பதைப் பொறுத்தே பொருள்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் கண்டதில்லை. சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்த கறை சில நாட்கள் நீங்காது, கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

இத்தகைய ஒப்பீடுகளை முறையாகத் தொகுத்தவர்களுள் ரஷ்ய வேதியியலாளர் நிகலாய் பெக்கெத்தோவ் முக்கியமானவர். தனிமங்கள் ஒன்றையொன்று இடப்பெயர்ப்பது பற்றிய அவரது ஆய்வு 1865இல் வெளிவந்தது.

படி 4: நீர், அமிலம், கரி ஆகியவற்றைச் சேர்த்து வரிசையை நீட்டுதல்

எல்லா உலோகங்களையும் உப்புக் கரைசலில் போட்டுப் பார்க்க முடியாது. சோடியத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் தாமிரம் கிடைக்கும் என்று தாளில் எழுதிவிடலாம், நடப்பது வேறு. கரைசலில் காப்பர் அயனியைவிட நீர் மிக அதிகமாக இருப்பதால், சோடியம் முதலில் நீருடன் சீறிப்பாய்ந்து ஹைட்ரஜனையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் தருகிறது. அந்த ஹைட்ராக்சைடு காப்பர் அயனியுடன் சேர்ந்து வெளிர்நீல வீழ்படிவை உண்டாக்குகிறது. ஹைட்ரஜன் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. எனவே பொட்டாசியம், சோடியம் போன்றவற்றை நாமே சோதிக்க முயலக் கூடாது. அவற்றின் இடத்தை நீருடன் அவை வினைபுரியும் வேகத்தைக் கொண்டு தீர்மானிப்பதே வழக்கம்.

ஹைட்ரஜன் உலோகம் அன்று. ஆனாலும் நீர்த்த அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனியை எந்த உலோகங்கள் இடப்பெயர்க்கின்றன என்று பார்த்து, அதற்கும் வரிசையில் ஓர் இடம் தரப்படுகிறது. துத்தநாகமும் இரும்பும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குமிழி விடுகின்றன. தாமிரம் அசையாமல் கிடக்கிறது. ஆக ஹைட்ரஜனின் இடம் காரீயத்துக்குக் கீழும் தாமிரத்துக்கு மேலும். நைட்ரிக் அமிலத்தில் தாமிரம் கரைகிறதே என்று கேட்பவர்கள், வெளிவரும் வாயுவைப் பார்க்க வேண்டும். அடர் நைட்ரிக் அமிலத்திலிருந்து எழுவது செம்பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு, ஹைட்ரஜன் அன்று. அங்கே தாமிரத்தை ஆக்சிஜனேற்றுவது நைட்ரேட் பகுதி. ஹைட்ரஜன் இடப்பெயர்ச்சி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

கரியை அலுமினியத்துக்குக் கீழும் துத்தநாகத்துக்கு மேலும் வைப்பது தாதுக்களிலிருந்து உலோகம் பிரிக்கும் முறையை விளக்க உதவுகிறது. துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கரியோடு சூடாக்கி உலோகத்தைப் பெறலாம். அலுமினியத்தையும் அதற்கு மேற்பட்டவற்றையும் பெற மின்னாற்பகுப்பு தேவைப்படுகிறது. இப்போது முழு வரிசை இவ்வாறு அமைகிறது:

பொட்டாசியம், சோடியம், லித்தியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், கரி, துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், ஹைட்ரஜன், தாமிரம், பாதரசம், வெள்ளி, தங்கம்.

மேலிருப்பது கீழிருப்பதை அதன் சேர்மத்திலிருந்து இடப்பெயர்க்கும் என்பது விதி.

படி 5: எண்களால் அளத்தல்

வரிசை யார் மேல், யார் கீழ் என்று மட்டுமே சொல்கிறது; எவ்வளவு மேல் என்று சொல்வதில்லை. அதற்குத் திட்ட மின்முனை மின்னழுத்தம், அதாவது ஓர் உலோகத்தின் அயனி எலக்ட்ரானைப் பெற்று உலோகமாகும் நாட்டத்தை வோல்ட்டில் காட்டும் எண், உதவுகிறது. இந்த எண் குறையக் குறைய, உலோகம் பொதுவாக வரிசையில் மேலே இருக்கும். ஹைட்ரஜனைச் சுழியம் என்று வைத்துக்கொண்டால், மெக்னீசியம் −2.37, அலுமினியம் −1.66, துத்தநாகம் −0.76, இரும்பு −0.44, வெள்ளீயம் −0.14, காரீயம் −0.13, தாமிரம் +0.34, வெள்ளி +0.80 வோல்ட். இரண்டு உலோகங்களின் எண்களுக்கு இடையிலான வேறுபாடே வினையின் உந்துவிசை. துத்தநாகத்துக்கும் தாமிரத்துக்கும் இடையே 1.10 வோல்ட் வேறுபாடு இருப்பதால், அந்த வினையின் சமநிலை மாறிலி 10இன் 37ஆம் அடுக்கு அளவுக்குப் போகிறது. அதாவது காப்பர் அயனி நடைமுறையில் மீதமில்லாமல் தீர்ந்துவிடும். வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.01 வோல்ட்தான் வேறுபாடு. கரைசலில் ஒன்றின் செறிவை மற்றதைவிட மூன்று நான்கு மடங்கு கூட்டினாலே வினை திசை மாறிவிடும். அச்சிட்ட பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு வரிகளாகத் தோன்றும் இந்த இணையை, மற்ற இணைகளைப் போல் உறுதியானதாக நினைக்கக் கூடாது.

வெப்பத்தைக் கொண்டும் அளக்கலாம். இதற்கு ஒரு வெப்பமானி போதும். லிட்டருக்கு 0.2 மோல் செறிவுள்ள காப்பர் சல்பேட் கரைசல் 50 மில்லிலிட்டரில் 0.01 மோல் காப்பர் அயனி இருக்கிறது. துத்தநாகத் தூளை மிகையாகச் சேர்த்தால், மோலுக்கு ஏறத்தாழ 217 கிலோஜூல் என்ற கணக்கில் 2170 ஜூல் வெப்பம் வெளிப்படும். 50 கிராம் நீரை அது சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடாக்கும். இரும்புத் தூளுக்கு இதே கணக்கு ஏறத்தாழ 7 டிகிரி என்றும், மெக்னீசியத்துக்கு ஏறத்தாழ 25 டிகிரி என்றும் வரும். கண்ணாடி முகவையில் செய்தால் வெப்பம் தப்பிவிடும் என்பதால், தெர்மோகோல் குவளையைப் பயன்படுத்துவது நல்லது.

எடையைக் கணக்கிடுவதில் ஒரு சுவையான வேறுபாடு இருக்கிறது. 55.85 கிராம் இரும்பு கரையும்போது 63.55 கிராம் தாமிரம் படிகிறது. ஆகவே ஆணியின் எடை கூடும். 100 மில்லிலிட்டர், 0.1 மோல் கரைசல் முழுவதும் வினைபுரிந்தால் கூடும் எடை 0.077 கிராம். துத்தநாகத் தகட்டில் இதற்கு மாறாக 65.38 கிராம் கரைந்து 63.55 கிராம்தான் படிவதால், தாமிரம் முழுவதும் தகட்டிலேயே ஒட்டியிருந்தாலும் எடை சற்றுக் குறையும். தாமிரக் கம்பியை வெள்ளிக் கரைசலில் வைத்தாலோ, ஒரு காப்பர் அயனிக்கு இரண்டு வெள்ளி அணுக்கள் என்பதால், 63.55 கிராம் போய் 215.7 கிராம் வந்து சேர்கிறது. தேர்வுகளில் இந்த இரண்டை மறந்து 107.87 என்று எழுதுவதே மிகப் பரவலான தவறு.

படி 6: விதி பொய்ப்பது போல் தோன்றும் இடங்கள்

அலுமினியத்திலிருந்து தொடங்குவோம். மின்னழுத்தத்தில் தாமிரத்தைவிட 2 வோல்ட் கீழே, அதாவது வரிசையில் மேலே, இருக்கும் அலுமினியத் தாளைக் காப்பர் சல்பேட்டில் போட்டால், நெடுநேரம் ஒன்றுமே நடவாதது போல் கிடக்கும். அதன் பரப்பில் ஒரு சில நானோமீட்டர் தடிமனே உள்ள அலுமினியம் ஆக்சைடுப் படலம், உலோகத்தையும் கரைசலையும் ஒன்றையொன்று தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. இப்போது ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். தாளில் ஆங்காங்கே செம்புள்ளிகள் தோன்றும், புள்ளிகள் பொத்தல்களாகும், குமிழிகள் எழும், குழாய் கையில் சுடும், கடைசியில் தாள் கிழிந்து, பஞ்சு போன்ற சிவந்த தாமிரம் மட்டும் அடியில் கிடக்கும். குளோரைடு அயனி அந்தப் படலத்தை உடைத்துவிடுவதே காரணம். ஆற்றல் கணக்கு அனுமதிக்கும் ஒரு வினையை, பரப்பிலுள்ள தடை நிறுத்தி வைக்க முடியும் என்பதே இதன் பாடம்.

காரீயத்தில் தடை வேறு விதமாக வருகிறது. காப்பர் சல்பேட்டில் காரீயத்தைப் போட்டால், உண்டாகும் லெட் சல்பேட் நீரில் கரையாமல் பரப்பிலேயே படிந்து வினையை முடக்கிவிடும். காப்பர் நைட்ரேட்டைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

லித்தியத்தின் மின்னழுத்தம் −3.04 வோல்ட்; பொட்டாசியத்தின் −2.93 வோல்ட்டைவிடவும் கீழே. அப்படியிருந்தும் நீரில் பொட்டாசியம் தீப்பிடிக்கிறது, லித்தியம் அமைதியாகக் குமிழி விடுகிறது. சிறிய லித்தியம் அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழும்போது வெளிப்படும் மிகுந்த ஆற்றலே மின்னழுத்தத்தை அவ்வளவு கீழே இழுக்கிறது. ஆனால் லித்தியம் உருக 180.5 டிகிரி வேண்டும், பொட்டாசியத்துக்கு 63.5 டிகிரி போதும். உருகிய உலோகம் ஒவ்வொரு கணமும் புதிய பரப்பை நீருக்குக் காட்டுவதால் வினை வேகமெடுக்கிறது. பாடநூல் வரிசையின் மேற்பகுதி வேகத்தைப் பார்த்து அமைந்தது, மின்னழுத்தப் பட்டியல் ஆற்றலைப் பார்த்து அமைந்தது. இரண்டும் சிறிதளவு மாறுபடுவதைப் பிழை என்று கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று, மின்னணுச் சுற்றுப் பலகை செய்பவர்களுக்கு நன்கு தெரிந்தது. பெர்ரிக் குளோரைடு கரைசல் தாமிரப் பூச்சைக் கரைத்துவிடுகிறது. இரும்புக்குக் கீழே உள்ள தாமிரம், இரும்பின் உப்போடு எப்படி வினைபுரிகிறது? விடை, இரும்பு உலோகம் அங்கே உண்டாவதே இல்லை என்பதில் இருக்கிறது. பெர்ரிக் அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்றுப் பெர்ரஸ் அயனியாவதோடு நின்றுவிடுகிறது. அந்த மாற்றத்தின் மின்னழுத்தம் +0.77 வோல்ட், தாமிரத்தைவிட மேலே. வரிசையில் "இரும்பு" என்று எழுதியிருப்பது உலோக இரும்புக்கும் பெர்ரஸ் அயனிக்கும் இடையிலான இணையை மட்டுமே குறிக்கிறது.

படி 7: கரைசலுக்கு வெளியேயும் தொழிலிலும்

நீர் இல்லாமலும் இடப்பெயர்ச்சி நடக்கும். இரும்பு ஆக்சைடுத் தூளோடு அலுமினியத் தூளைக் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு, உருகிய இரும்பை வெளியே தள்ளுகிறது. ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895இல் காப்புரிமை பெற்ற இந்தத் தெர்மிட் வினையில் வெப்பநிலை ஏறத்தாழ 2500 டிகிரிக்குப் போவதால், தண்டவாளங்களைப் பற்றவைத்து இணைக்க இன்றும் பயன்படுகிறது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் தவிர வேறு யாரும் இதைத் தொடக் கூடாது. டைட்டானியம் டெட்ராகுளோரைடிலிருந்து மெக்னீசியத்தைக் கொண்டு டைட்டானியத்தை இடப்பெயர்க்கும் குரோல் முறையும் இவ்வகையே; சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஈர்த்துக்கொள்ளும் என்பதால், அது ஆர்கான் வாயுவில் நடத்தப்படுகிறது.

ஆணிச் சோதனையே ஒரு பழந்தொழில்தான். சோங் மரபு ஆண்ட காலத்துச் சீனாவில், தாமிர உப்பு கலந்த சுரங்க நீரில் இரும்புத் தகடுகளை ஊறவைத்து, அவற்றின் மேல் படியும் தாமிரத்தைச் சுரண்டி எடுப்பது 11ஆம் நூற்றாண்டிலேயே பெரிய அளவில் நடந்திருக்கிறது.

தங்கத்தைப் பிரிக்கும் சயனைடு முறை இந்த வரிசையின் எல்லையையும் பயனையும் ஒருசேரக் காட்டுகிறது. வரிசையின் அடியில் இருக்கும் தங்கம், சாதாரண நீரில் காற்றால் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. சயனைடு கரைசலிலோ, தங்க அயனியைச் சயனைடு இறுகப் பிணைத்துக்கொள்வதால், அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ −0.6 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனே அதைக் கரைத்துவிடுகிறது. சயனைடில் துத்தநாகத்தின் மின்னழுத்தமும் தன் பங்குக்கு −1.26 வோல்ட் வரை இறங்குவதால், இருவருக்கும் இடையிலான மேல் கீழ் மாறுவதில்லை. எனவே வடிகட்டிய கரைசலில் துத்தநாகத் தூளைத் தூவியதும் துத்தநாகம் கரைகிறது, தங்கம் கருநிறச் சேறாக அடியில் படிகிறது.